தபலா இல்லாத பத்து ராகங்கள்

2002-இல் டெல்லியில் ஒரு கடையில் பழைய இசைத்தட்டுகளைத் துழாவிக்கொண்டிருந்த எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரரின் கையில் ஓர் எல்பி சிக்கியது. எச்.எம்.வி. வெளியீடு. பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. வாசித்தவர் சரண்ஜித் சிங். பழைய இந்தித் திரையிசைத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர் பௌமன். 1980-களின் தொடக்கத்தில் வந்த இத்தகைய தட்டில் என்ன இருக்கும் என்று அவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும்: பிரபலமான மெட்டுகள், சற்றுக் குழைந்த விசைப்பலகை, ஓரமாக ஒரு டிரம். ஆனால் அந்தத் தட்டில் ஒலித்தது 1980-களின் பிற்பகுதியில் சிக்காகோவின் இரவு நடனக்கூடங்களில் பிறந்து ஐரோப்பாவையே ஆட்டிவைத்த ‘ஆசிட் ஹவுஸ்’ போல இருந்தது. தட்டில் இருந்த ஆண்டோ 1982.

பௌமன் தன் ‘பாம்பே கனெக்‌ஷன்’ நிறுவனத்தின் வழியாக 2010-இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. மேற்கத்திய மின்னிசைக்காரர் யாரோ விளையாட்டாகச் செய்து, பழைய இந்திய உறையைப் போர்த்திவிட்ட போலி என்று பேச்சு கிளம்பியது. சரண்ஜித் சிங் மும்பையில் இருக்கிறார், தட்டில் வாசித்த கருவிகளின் கதையைத் தன் வீட்டில் இருந்து சொல்கிறார் என்று தெரிந்ததும் பேச்சு எதிர்த்திசையில் ஓடியது. ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. போலி என்றவர்களும் கண்டுபிடிப்பாளர் என்றவர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள் என்பது என் எண்ணம். இரு சாராரும் தட்டை, ஆசிட் ஹவுஸ் வெளிவந்த 1987-இலிருந்து பின்னோக்கிப் பார்த்தார்கள். தட்டுக்கு முந்தைய 20 ஆண்டுகளில் அந்த மனிதர் பம்பாயில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் விடையைத் தருகிறது.

1940-இல் பிறந்த சரண்ஜித் சிங், 1960-களிலிருந்து பம்பாய்த் திரைப்பட ஸ்டூடியோக்களில் வாத்தியக்காரர். கிட்டார், பேஸ் கிட்டார், விசைப்பலகைகள் என எது கொடுத்தாலும் வாசிப்பார். சங்கர்-ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் அனைவருடைய ஒலிப்பதிவுகளிலும் இருந்திருக்கிறார். ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ (1971) படத்தின் ‘தம் மாரோ தம்’ பாடலில் விடாமல் இழையும் அந்த மயக்கமான ஒலி அவருடைய டிரான்சிகார்டு. அது ஃபார்ஃபிசா என்ற இத்தாலிய நிறுவனம் செய்த மின்-அக்கார்டியன். பாடலைக் கோடிப் பேர் கேட்டிருப்பார்கள். வாசித்தவரின் பெயர் உறையில் வராது. ஸ்டூடியோ வாத்தியக்காரரின் பிழைப்பு அப்படித்தான். புதிதாக ஒரு கருவி ஊருக்குள் வந்தால் முதலில் வாங்குபவருக்கு அழைப்பு கூடுதலாக வரும். ஆகவே வெளிநாட்டுக் கருவிகளின் மீது அவருக்கிருந்த மோகம் தொழில் சார்ந்த கணக்கும்கூட. கல்யாண நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் சொந்தக் குழு ஒன்றும் அவரிடம் இருந்தது.

அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. இன்று அது ஏறக்குறைய மறந்தேபோன ஒன்று. திரைப்பாடல் மெட்டுகளைப் பாடகர் இல்லாமல் ஒரே வாத்தியத்தில் வாசித்து வெளியிடும் தட்டுகளுக்கு அப்போது நல்ல சந்தை இருந்தது. வான் ஷிப்லி மின்கிட்டாரில் வாசித்தார், ஈனாக் டேனியல்ஸ் அக்கார்டியனில், சுனில் கங்குலி கிட்டாரில். வானொலியில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே இடைவெளி நிரப்பவும், ஓட்டல் வரவேற்பறையிலும், கல்யாண வீட்டுச் சாப்பாட்டுப் பந்தலிலும் ஓடுபவை இவை. சரண்ஜித் சிங்கும் ‘ஒன் மேன் ஷோ’ என்ற பெயரில் இப்படித் தட்டுகள் போட்டார். ஒரே ஆள், பல கருவிகள். பாடலின் சொற்கள் போனபின் மிஞ்சும் குழைவுகளை, பாடகியின் தொண்டையில் நிகழும் அந்தச் சிறு வழுக்கல்களை, இயந்திரத்தில் வரவைப்பதுதான் இந்தத் தொழிலின் சவால்.

அந்தச் சவாலுக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. விசைப்பலகையில் ராகம் நிற்காது என்பது இங்கே பழைய வாதம். ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் பாரதியார் ஹார்மோனியத்தைப் போட்டுத் தாக்குகிறார். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடையே விதித்திருந்தது. காரணம் எளிது. ஹார்மோனியத்தின் ஒவ்வொரு கட்டையும் தனித்தனித் தீவு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் உள்ள வழி அதில் கிடையாது. ராகமோ பெரும்பாலும் அந்த நடுவழியில்தான் வாழ்கிறது. நாம் கமகம் என்கிறோம், வடக்கே மீண்ட் என்கிறார்கள். ஹவாயன் கிட்டாரை பிரிஜ் பூஷண் காப்ரா ராகத்துக்குப் பழக்கியது, சிவ்குமார் சர்மாவும் ஹரிபிரசாத் சௌராசியாவும் அவரும் சேர்ந்த ‘கால் ஆஃப் த வேலி’ (1967) வீடுவீடாகப் போனது எல்லாம், கம்பியின் மேல் இரும்புத் துண்டை நழுவவிட்டால் அந்த நடுவழி கிடைக்கிறது என்பதால்தான். ஆக 1980 வாக்கில் பம்பாயின் ஒரு வாத்தியக்காரர் புதுக் கருவியைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி ‘இது வழுக்குமா?’ என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் டிஸ்கோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1979 ஜூலை 12 அன்று சிக்காகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அமெரிக்காவில் டிஸ்கோவுக்குப் பாடை கட்டிய நாள் என்பார்கள். அதே ஊரில் ‘வேர்ஹவுஸ்’ என்ற இரவுக்கூடத்தில் ஃபிராங்கி நக்கில்ஸ் தொடர்ந்து டிஸ்கோ தட்டுகளையே ஓட்டிக்கொண்டிருந்தார். கறுப்பின, லத்தீன் இனத் தற்பாலின இளைஞர்கள் கூடிய அந்த இடத்தின் பெயரிலிருந்துதான் ‘ஹவுஸ்’ என்ற சொல்லே வந்தது. பம்பாயில் கதை நேரெதிர். ‘குர்பானி’ (1980) படத்துக்காகப் பெங்களூரில் பிறந்த பித்து லண்டனில் பதிவுசெய்த ‘ஆப் ஜைசா கோயி’, பள்ளிக்கூட வயதுப் பெண்ணான நாஸியா ஹசனின் குரலில் நாடெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டு ‘டிஸ்கோ தீவானே’. 1982 டிசம்பரில் பப்பி லஹிரியின் ‘டிஸ்கோ டான்சர்’. ஒரு நகரம் அடக்கம் செய்ததை இன்னொரு நகரம் மாலைபோட்டு வரவேற்றுக்கொண்டிருந்தது.

சரண்ஜித் சிங் பின்னாளில் பேட்டிகளில் தந்த விளக்கம் மிகச் சாதாரணமானது. எல்லாப் படத்திலும் டிஸ்கோ வந்துவிட்டது; அதை வைத்தே வேறு ஏதாவது செய்யலாமே என்று தோன்றியது; ராகங்களை எடுத்துக்கொண்டு, தபலாவை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் டிஸ்கோ தாளத்தை வைத்தேன் என்றார். புரட்சி, எதிர்காலம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த நடுவாக்கியம், தபலாவை நிறுத்துவது, எவ்வளவு பெரிய காரியம் என்பது கச்சேரி கேட்பவர்களுக்குத் தெரியும். தபலா தாளம் மட்டும் போடுவதில்லை. அது பேசும், பதில் சொல்லும், ராகத்தோடு மல்லுக்கு நிற்கும், சமத்துக்கு இழுத்துவரும். அதை நீக்கிவிட்டு ஒரு பெட்டியை வைத்தால் உரையாடல் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு சுவர். ராகம் அந்தச் சுவரில் படர வேண்டும்.

பெட்டி என்றேன். மூன்று பெட்டிகள். ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டி.ஆர்-808 டிரம் மெஷின். 1981-இல் வந்த ஜூபிட்டர்-8 சிந்தசைசர். அதே ஆண்டின் டி.பி-303 பேஸ் இயந்திரம். சந்தைக்கு வந்த சிறிது காலத்திலேயே அவர் இவற்றைச் சிங்கப்பூரில் வாங்கினார். 303-ஐ வடிவமைத்தவர் ததாவோ கிகுமோட்டோ. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குப் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் அதைச் செய்தார்கள். குறை தீரவில்லை. அதில் வந்த ஒலி எந்தப் பேஸ் கிட்டாரையும் ஒத்திருக்கவில்லை. ஸ்வரங்களை உள்ளிடும் முறையோ பொறுமையைச் சோதிப்பது. சுமார் 10,000 கருவிகள் செய்தபின் 1984-இல் ரோலண்ட் அதைக் கைவிட்டது. 808-உம் சுமார் 12,000 கருவிகளோடு 1983-இல் நின்றது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால்தான் இவை பின்னர் காசில்லாத சிக்காகோ இளைஞர்கள் கைக்குப் போயின. சரண்ஜித் சிங்கின் நிலை வேறு. கடையில் புதுசாக, முழு விலை கொடுத்து வாங்கியவர் அவர்.

1982-இல் மிடி கிடையாது. வெவ்வேறு மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் அந்த ஏற்பாடு 1983 ஜனவரியில்தான் பொதுவில் காட்டப்பட்டது. அதற்குமுன் ரோலண்ட் தன் கருவிகளுக்குள் ஒரு கம்பி இணைப்பை வைத்திருந்தது: 808 நேரம் சொல்ல, 303 அதே நேரத்தில் ஓடும். ஜூபிட்டருக்கும் அந்தத் துடிப்பை அனுப்பலாம். தாளமும் பேஸும் தாமே ஓடிக்கொண்டிருக்க, வாசிப்பவரின் இரு கைகளும் மெட்டுக்கு மட்டும் விடுதலையாகின்றன. ‘ஒன் மேன் ஷோ’ வாசித்தவருக்கு இது கனவு நனவானது போல இருந்திருக்கும்.

இனி ராகங்கள். தட்டில் பத்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம்: பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. நம் காதுக்கு மொழிபெயர்த்தால், பைரவ் மாயாமாளவகௌளை, பூபாலி மோகனம், வடக்கத்தித் தோடி நம் தோடி அல்ல, சுபபந்துவராளி, மதுவந்தி தர்மவதிக்கு நெருக்கம், மேக் மத்யமாவதியின் பக்கத்து வீடு, யமன் கல்யாணி, கலாவதி வலஜி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், பைராகி ரேவதி. லலித்துக்கு மட்டும் நம்மிடம் நேரான இணை இல்லை. இரண்டு மத்யமங்களும் அருகருகே வந்து, பஞ்சமமே இல்லாத ராகம் அது. நம் லலிதா வேறு.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி நான்கும் ஐயமற்ற ஔடவ ராகங்கள், ஐந்தே ஸ்வரம். மேக் மல்ஹாரையும் ஐந்து ஸ்வர மேக்கின் சாயலில் எடுத்துக்கொண்டால் பத்தில் பாதி. இது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். 303-இல் ஒரு பேட்டர்ன் என்பது 16 படிகள். அதில் ஐந்து ஸ்வரங்களைப் பின்னிப்போட்டால் ராகத்தின் முகம் ஓரிரு நொடியில் தெரிந்துவிடும். ஐந்து ஸ்வர ராகத்துக்கு அடையாளம் காட்ட ஆலாபனை வேண்டியதில்லை; ஏறி இறங்கினாலே போதும். தர்பாரி கானடா போன்ற ஒன்றை அவர் தொடவே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அதன் காந்தாரம் மெல்ல அசைந்து அசைந்து நிற்பது, 16 படிக்குள் அடங்காத காரியம்.

ஆனால் வழுக்கல் இருக்கிறது, அதுதான் விசேஷம். 303-இல் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி. எந்த ஸ்வரத்துக்கு அதை இடுகிறோமோ அங்கிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு ஒலி அறுபடாமல் நழுவும். ஜூபிட்டரிலும் நழுவும் வசதி உண்டு, ஸ்வரத்தை வளைக்கும் நெம்புகோல் உண்டு. ஹார்மோனியத்தால் முடியாததை இந்த விசைப்பலகை செய்கிறது. தட்டு முழுக்கவும் ஸ்வரங்கள் சறுக்கி ஏறுவதும் சரிந்து விழுவதும் கேட்கின்றன. கறாராகச் சொன்னால் இது மீண்ட் ஆகாது. அருகிலுள்ள ஸ்வரமோ தொலைவிலுள்ள ஸ்வரமோ, 303 எடுத்துக்கொள்வது ஒரே கால அளவு. வாத்தியக்காரரின் விரல் அப்படிச் செய்யாது. ஓர் இடத்தில் தயங்கும், ஓர் இடத்தில் தாவும். வீணை கற்ற ஒரு மாமியிடம் பூபாலியைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நொடியில் “மோகனம்தானே” என்றார். ஐந்து நிமிடம் முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாத்தையும் ஒரே மாதிரி இழுக்கறானே” என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

அப்படியென்றால் ஆசிட் ஹவுஸோடு உள்ள அந்த விபரீதமான ஒற்றுமை எங்கிருந்து வந்தது? ஒரே கருவி என்பது பாதி விடை. மீதிப் பாதி இசையின் கட்டுமானத்தில் இருக்கிறது. மேற்கத்திய வெகுஜனப் பாட்டு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வர அடுக்கு, மாறி மாறி நகர்வது. டிஸ்கோவும் பெரும்பாலும் அப்படியே, தந்திகளும் ஊதுகருவிகளும் அந்த நகர்வை அலங்கரிக்கும். ராகத்தில் கார்டு மாற்றம் கிடையாது. தம்புரா ஓர் ஆதார ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதன்மேல் எல்லாம் நடக்கும். டிஸ்கோவின் தாளத்தை வைத்துக்கொண்டு அதன் கார்டுகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அசையாத ஒரு தரை, நான்குக்கு நான்கு அடி, திரும்பத் திரும்பச் சுழலும் ஒரு பேஸ். ஹவுஸின் எலும்புக்கூடு அதுவேதான். சிக்காகோ இளைஞர்கள் வேறு வழியாக அங்கே வந்தார்கள். நடனம் நிற்காமல் தொடர, இரண்டு தட்டுகளைத் தையல் தெரியாமல் ஒட்ட, மாற்றமே இல்லாத நீண்ட பகுதிகள் டி.ஜே.க்குத் தேவைப்பட்டன. தேவை அவர்களைக் கார்டு இல்லாத இடத்துக்குத் தள்ளியது. சரண்ஜித் சிங்கை மரபு தள்ளியது.

ஒற்றுமையைச் சொன்னால் வேற்றுமையையும் சொல்ல வேண்டும். டி.ஜே. பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே மூவரும் சேர்ந்த ஃப்யூச்சர் குழுவின் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ 1987-இல் வந்தது. 11 நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தப் பதிவில் ஸ்வரங்கள் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாறுவது ஒலியின் நிறம். 303-இன் வடிகட்டிக் குமிழ்களை ஓடும்போதே திருகித் திருகி, அந்த ஒலியை நீரில் அமுக்கியும், கிறீச்சிடவைத்தும், பிழியவும் செய்கிறார்கள். குமிழைத் திருகுவதே அங்கே மெட்டு. சிங்கிடம் மெட்டே மெட்டு. ஸ்வரங்கள்தான் பயணம் போகின்றன; நிறம் துணைக்கு வருகிறது. ஒரே இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, ஒருவர் ‘என்ன வாசிக்கிறது’ என்று கேட்டார், மற்றவர்கள் ‘எப்படிக் கத்துகிறது’ என்று கேட்டார்கள். ஆசிட் ஹவுஸின் ஆசிட் அந்தக் கத்தலில்தான் இருக்கிறது. ஆகவே அவரை அதன் தந்தை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1982-83-லேயே 303-ஐப் பயன்படுத்தியவர்கள் வேறும் உண்டு: பிரிட்டனின் ஹெவன் 17, ஆரஞ்சு ஜூஸ், இத்தாலியின் அலெக்சாண்டர் ரோபோட்னிக். அவர்களையெல்லாம் யாரும் தீர்க்கதரிசி என்று அழைக்கவில்லை. சிங்கின் தட்டு சிக்காகோவில் யார் கைக்காவது போய்ச் சேர்ந்ததற்குத் தடயமும் இல்லை. இந்தியாவிலேயே அது விற்கவில்லையே.

‘கண்டுபிடிப்பாளர்’ பட்டம் அவருக்கு ஒரு வகையில் அநியாயமும்கூட. அந்தப் பட்டம் தட்டை ஹவுஸின் ஓர் அடிக்குறிப்பாக்கிவிடுகிறது. மரபிசையையும் மின்னிசையையும் இணைத்த பெயர்பெற்ற முயற்சிகளோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் தனித்தன்மை தெரியும். வெண்டி கார்லோஸ் ‘ஸ்விட்ச்ட்-ஆன் பாக்’ (1968) தட்டில் பாக்கின் படைப்புகளை மூக் சிந்தசைசரில் அடுக்கடுக்காகப் பதிந்தார். எழுதிவைத்த இசை, கருவி மட்டும் புதிது. பின்னாளில் ஹவுஸும் டெக்னோவும் முதிர்ந்தபின் அந்த உலகத்தினரே சாஸ்திரிய இசையின் வாசலுக்குப் போனார்கள். 2005-இல் ஜெஃப் மில்ஸ் தெற்குப் பிரான்சின் போன் டு கார் பாலத்தடியில் மோன்பெலியே இசைக்குழுவோடு வாசித்தார். 2008-இல் கார்ல் கிரெய்க்கும் மோரிட்ஸ் ஃபோன் ஓஸ்வால்டும் இசை நடத்துநர் காரயனின் பெர்லின் பில்ஹார்மோனிக் பதிவுகளை, ராவெலையும் முசோர்க்ஸ்கியையும், பிரித்து மீண்டும் பின்னினார்கள். வெளியிட்டது டாய்ச்ச கிராமஃபோன். ஜெர்மானிய ஹவுஸ் தயாரிப்பாளர் ஹென்ரிக் ஷ்வார்ஸ் தன் நடனப் பாடல்களை ‘இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’ (2015) தட்டில் சேம்பர் குழுவுக்காக எழுதித் தந்தார். நல்ல முயற்சிகள்தாம், சில மிக அழகானவை. ஆனால் இவற்றில் ஒரு மரியாதைக் கணக்கு ஓடுகிறது. நடனக்கூடத்து இசை கோட்டுப் போட்டுக்கொண்டு அரங்கத்துக்குப் போகிறது. சரண்ஜித் சிங் எதிர்த்திசையில் நடந்தவர். ராகத்தைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அதனால் ராகத்தின் மதிப்பு உயரும் என்றோ டிஸ்கோவின் மதிப்பு உயரும் என்றோ அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

இறங்கியதில் இழப்பு இல்லாமலில்லை. ஆலாபனை இல்லை, விளம்பிதம் இல்லை. பைரவின் ரிஷபத்துக்கும் தோடியின் காந்தாரத்துக்கும் உரிய நுண்சுருதிகளைச் சம இடைவெளியில் பன்னிரண்டாக வெட்டிய விசைப்பலகை தராது. பத்து ராகத்துக்கும் ஒரே பின்னணி, ஒரே அடி என்பதால் இரண்டாம் பக்கம் பாதியில் எனக்குச் சலிப்பு தட்டுகிறது. மதுவந்தியின் நெகிழ்ச்சிக்கும் மால்கௌன்ஸின் கனத்துக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கிப்போகிறது. ஆனால் லலித் வேலைசெய்கிறது. இரண்டு மத்யமங்களின் உரசல் அந்த ஈரமற்ற இயந்திர ஒலியில் இன்னும் கூர்மையாகி, கேட்பவரை நிம்மதியிழக்கச் செய்கிறது. மனிதக் கை மென்மையாக்கிவிடும் ஒன்றை இயந்திரம் அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

மறுபதிப்புக்குப் பின் எழுபது வயதைக் கடந்த அவரை ஐரோப்பாவுக்கு அழைத்தார்கள். தன் பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்கள் முன்னால் அவர் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பை வீட்டில் உறக்கத்திலேயே காலமானார், வயது 74.

அந்தத் தட்டைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. இந்துஸ்தானி மரபில் ராகத்துக்கு நேரம் உண்டு. அவர் வரிசையில் அதைப் பார்க்கவில்லை. விடியல் பைரவுக்குப் பின் விடியலுக்கும் முந்திய லலித், உடனே இரவின் பூபாலி, மறுபடி காலைத் தோடி. பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் நம் சபாக்கள் ஒன்பது, ஒன்பதரைக்கு மங்களம் பாடிவிடுகின்றன. நள்ளிரவு தாண்டிய மால்கௌன்ஸையும், இருள் பிரியுமுன் வரும் லலித்தையும், கிழக்கு வெளுக்கும்போது வரும் பைரவையும் அந்தந்த வேளையில் கேட்க எந்த அரங்கமும் திறந்திருப்பதில்லை. திறந்திருப்பவை இரவு நடனக்கூடங்கள்தாம்.